காரமடையில் நான் பெய்வித்த மழை

காரமடை,
ஜூன் 8, ஞாயிறு

அன்பு மகள் இளவேனிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பா நலம், உன் தம்பி பவன் ஈரோட்டில் ஹாஸ்டல் சாப்பாட்டைத் தினமும் திட்டுகிற அளவுக்கு நலம். நீயும் அயர்லாந்தில் அந்தக் கால்வே ஊரின் குளிரில் மூக்கு ஒழுகாமல், நைட் டியூட்டியில் கண் சொக்காமல் நலமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கூட வேலை பார்க்கிற அக்ஷிதா லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாளாம், அவளிடம் கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, நிலக்கடலை உருண்டை எல்லாம் கொடுத்துவிடுகிறேன், அதற்குள்ளேதான் இந்தக் கடிதமும் வருகிறது. போனில் சொல்ல வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன வாரம் வீடியோவில் என்னம்மா மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது என்று கேட்டாயே, ஃபேஷியல் பண்ணியிருக்கேன் கண்ணு என்று சொல்லித் தப்பித்தேனே, அதுதான் காரணம். நேரில் பேசினால் நடுவில் ஒரு ஜோக்கைப் போட்டு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். காகிதத்தில் ஒளிய இடம் கம்மி. பொறுமையாகப் படி, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், கடைசியில் திட்டு வந்தால் அதையும் மனசுக்குள் திட்டிக்கொள்.

நான் வாட்ஸப்பில் ‘எங்கூரு மழை’ என்று ஒரு குரூப்பில் இருப்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு சுத்துப்பட்டில் முப்பத்தெட்டு பேர், ஆளுக்கொரு மழைமானி வைத்துக்கொண்டு காலை எட்டரை மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துப் போடுவோம். பார்த்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கோட்டைமேட்டில் குடைக்கடை வைத்திருக்கும் உமர் பாரூக் என்பவர்தான் அட்மின். குடை விற்கிறவர் மழை அளப்பது, கசாப்புக்கடைக்காரர் ஆட்டின் நாடி பிடிப்பது மாதிரிதான் என்று நான்தான் ஒருமுறை போட்டேன், மனுசர் அதற்கும் சிரித்தார். நான் அதில் சேர்ந்தது பவனின் பழைய போனில். போனைக் கொடுத்தவன் பெயரை மாற்றாமல் கொடுத்துவிட்டான், குரூப்பில் என் பெயர் பவன் என்றே விழுந்தது. முதல் நாளே பாரூக், வாங்க தம்பி, எந்தக் காலேஜுங்க என்று கேட்டார். தம்பி இல்லீங்க, நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர், ரெண்டு பிள்ளை பெற்றவள் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா, காலேஜ் இன்னும் போலீங்ணா, இப்பத்தான் பிளஸ் டூ என்று தட்டிவிட்டேன். அதிலிருந்து இரண்டு வருசம் நான் பிளஸ் டூ. உன் அம்மா இத்தனை வருசம் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்ததை அந்த முப்பத்தேழு பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, மழையில் அவ்வளவு கவனம். எனக்கு நிஜமாகப் பதினேழு நடந்தபோது அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தேன், குறும்பு பண்ண ஆளும் இல்லை நேரமும் இல்லை. அது உள்ளேயே கிடந்து நாற்பத்தேழில் முளைத்துவிட்டது, களை எடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் குரூப்பில் பவன் என்றால் பெரிய புள்ளி. ஏனென்றால் எல்லாரையும் விட மழை காரமடையில்தான். மேட்டுப்பாளையத்தில் சாஜிதா பேகம் என்று ஒரு டெய்லர் அக்கா, அவர் பன்னிரண்டு மில்லி என்று போட்டால் நான் முப்பத்தொன்று போடுவேன். ஏனுங்க தம்பி, எட்டுக் கிலோமீட்டர்ல இப்படி மாறுமா என்று அவர் கேட்டால், மேகத்துக்கும் மேட்டுல ஏற மூச்சு வாங்குமுங்க, அதுதான் இங்கயே எறக்கி வெச்சுப்போட்டுப் போகுது என்று பதில் போடுவேன். இந்தப் பக்கம் இப்படி என்றால் அந்தப் பக்கம் தாராபுரத்திலிருந்து மாசாணம் என்று ஒருத்தர். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் எட்டரைக்கு அவர் செய்தி வந்து நிற்கும். தாராபுரம், 0.0. மறுநாளும் 0.0. நாங்கள் எல்லாம் மழை பெய்தால் மட்டும் போடுவோம், இவர் பெய்யாததையும் போடுவார். விடுவேனா நான். தாராபுரம்னு பேரு, பார்த்தா தராத புரமா இருக்குதே என்றேன். மாசாணம் அண்ணன் இன்னைக்கும் ரெண்டு முட்டை போட்டுட்டாரு, அடைகாத்தா மழை பொரியும் என்றேன். முப்பது பேர் சிரிப்பு பொம்மை போடுவார்கள், அவர் ஒரு கும்பிடு போடுவார். பொங்கல் கழிந்த கையோடு, முதல்முறையாக எல்லாரும் நேரில் சந்திக்கலாம், அதிக மழை பெய்த காரமடையிலேயே வைக்கலாம், பவன் தம்பியின் மழைமானியையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று பாரூக் ஆரம்பித்தார். மே மாதம் முதல் ஞாயிறு என்று முடிவானது. ஏப்ரல் இருபதைத் தாண்டியதும், அதிக மழைக்குப் பரிசாக அவர் கடையிலிருந்து ஒரு குடை என்று அறிவித்தார். உடனே நான், கம்மி மழைக்கும் பரிசு வேண்டாமா, முட்டை மன்னன் மாசாணம் அண்ணனுக்கு ஒரு அட்டை முட்டை என் செலவு என்று எழுதினேன். சத்துணவு முட்டை இல்லை அம்மணி, பயப்படாதே, கடையில் வாங்குவதாகத்தான் திட்டம். மறுநாள் எட்டரைக்குத் தாராபுரம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முதலில் கிண்டலுக்குத் தீனி இல்லையே என்றுதான் தோன்றியது. ஐந்தாம் நாள், எட்டரை மணிக்கு நான் அந்த 0.0-க்காகவே போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அடுப்பில் பால் பொங்கியது.

இதற்கு நடுவில் இன்னொன்று. ஏப்ரல் கடைசியில் ஒரு கோடை மழை சாயங்காலம் படாரென்று பிடித்தது, மாடியில் காயப்போட்ட மிளகாயை வார ஓடினேன். அப்போதுதான் பார்த்தேன். நம் டிவிக்கு மாட்டியிருக்கிற டிஷ், அண்ணாந்த தட்டம் மாதிரி மழையை எல்லாம் வாங்கிக் கீழ் உதட்டு வழியாக ஒரே தாரையாக விடுகிறது, அந்தத் தாரை நேராக என் மழைமானியின் வாய்க்குள் விழுகிறது. காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று நான்தான் அந்தக் கம்பியில் கட்டி வைத்தவள். நனைந்துகொண்டே நின்றேன். அடுத்த மழைக்கு ஒரு மானியை டிஷ்ஷுக்குக் கீழேயும் இன்னொன்றை வெட்டவெளியிலும் வைத்துப் பார்த்தேன். வெளியில் ஒன்பது, டிஷ்ஷுக்கடியில் இருபத்தாறு. இரண்டு வருசமாகக் காரமடையில் பெய்த மழையில் முக்கால்வாசி உன் அப்பா தமிழ்வேந்தன் வீட்டு டிஷ்ஷில் பெய்த மழை. உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாவகாசமாக, மாசாமாசம் ரீசார்ஜ் பண்றோமல்ல, அதுதான் நிக்காம பேயுது என்றார். நான் யோக்கியமாக என்ன செய்திருக்க வேண்டும், குரூப்பில் சொல்லியிருக்க வேண்டும். செய்தது என்ன, மானியை அவிழ்த்து மாடியின் நடுவே வெட்டவெளியில் வைத்தேன், கம்பியில் இருந்த கட்டு அடையாளத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். வந்து பார்க்கிறவர்கள் அடடா எவ்வளவு சரியான இடம் என்று சொல்ல வேண்டுமே.

அந்த ஞாயிறும் வந்தது. சர்ச்சில் காலை ஆராதனைக்குக்கூடப் போகாமல் சமைத்தேன், அரிசி பருப்புச் சாதம், கோழி வறுவல், அப்புறம் அந்த முப்பது முட்டை. பரிசாகக் கொடுக்க வாங்கிவிட்டேன், கொடுக்கத்தான் மனசு வரவில்லை, எல்லாவற்றையும் அவித்துக் குழம்பில் போட்டுவிட்டேன். பத்தரைக்குப் பதிமூன்று பேர் வந்தார்கள். எல்லாரும் நான் நினைத்த மாதிரி இல்லை, புலி மாதிரி எழுதுகிறவர் ஒல்லிக் குச்சியாக இருந்தார், ஒரு வார்த்தை எழுதாதவர் வாசலிலிருந்தே பேச ஆரம்பித்தார். பாரூக் வெள்ளைச் சட்டையில் குடையைப் பொன்னாடை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து, பவன் தம்பி எங்கீங்கம்மா என்றார். இளவேனில், இந்த இடத்திலும் கர்த்தர் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நான், கடைக்குப் போயிருக்கானுங்க, வந்துருவான், உக்காருங்க என்றேன். ஒரு மணி நேரம் எனக்கே நான் அம்மாவாக இருந்து காப்பி கொடுத்தேன். சாஜிதா அக்கா என்னை அடுப்படியில் பிடித்துக்கொண்டு, உங்க பையனுக்கு வாய் எச்சுங்க, ஆனா அவன் எழுதறதப் படிக்காம எனக்குத் தையல் மிசின் ஓடாதுங்க என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, அவனாலதானுங்க நான் மூணு மழைமானி மாத்தினேன், அவனுது எப்பவும் எச்சா இருக்குதா, என்ற மானிதான் ஓட்டைன்னு நெனச்சுட்டேன் என்றார். நான் வெங்காயம் நறுக்காமலே கண்ணைத் துடைத்தேன். உன் அப்பா ஹாலில் எல்லாருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிசத்துக்கு ஒருதரம், ஏம் புள்ள, பவன் இன்னும் வர்லியா என்று உள்ளே பார்த்துக் கேட்டார். அந்த மனுசனை நான் அப்புறம் கவனித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு மாசாணம் வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன், வாசலில் பெயர் சொன்னதும் காப்பித் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். நாற்பது வயசு இருக்கும், கறுத்த திடமான ஆள், கக்கத்தில் ஒரு நீள நோட்டு. தாராபுரம் பக்கத்தில் பஞ்சாயத்துத் தண்ணி லாரி ஓட்டுகிறார். எங்கீங்க பத்து நாளா காணோம் என்று பாரூக் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் லாரி போகிற ஊர்களில் கடைசி ஊருக்கு வாரத்துக்கு ஒரு நடைதான், குடத்துக்குக் குடம் சண்டை, இன்னொரு நடை விடச்சொல்லி ஒரு ஆபீஸில் மனுக் கொடுத்திருக்கிறார். மழை இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். அவர் போனைத் திறந்து நம் குரூப்பைக் காட்டியிருக்கிறார், ஒருநாள் விடாமல் எட்டரைக்கு எட்டரை போட்ட சுழி எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறதே என்று. அந்த ஆபீஸர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாராம். ஏப்பா, இது முட்டை விக்கற குரூப்பா, மழை அளக்கற குரூப்பா என்றாராம். அப்புறம் காரமடை எண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்ல பத்து, இங்க முப்பத்தஞ்சா, இவனே இப்படி அடிச்சு விடறான்னா உன்ற சுழியை நான் எப்படி நம்பறது என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதிலிருந்து குரூப்பில் போடவில்லை, நோட்டில் மட்டும் எழுதுகிறேனுங்க, அளக்கறதை விடல என்று நோட்டைத் திறந்து காட்டினார். அந்தப் பத்து நாளும் இருந்தது, பத்து சுழி, ஒவ்வொன்றும் கோடு போட்ட கட்டத்துக்குள் நேராக.

நோட்டை மூடி மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே மேலே பேசினார். பவன் தம்பி மேல கோவமில்லீங்க, சின்னப் பையன், வெளையாட்டுப் புத்தி, எங்கூட்டுலயும் ஒண்ணு அப்படித்தான் இருக்குது. அவங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கோணும், அந்த முப்பத்தஞ்சு நெசந்தானான்னு. கிண்டல் பண்ணுவான், ஆனா அளவுல பொய் சொல்லமாட்டான். அவன் நெசம்னு சொன்னா நான் அந்த ஆபீஸர்கிட்ட மறுபடி போயி அடிச்சுப் பேசிக்குவேனுங்க. இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, தம்பி எப்பங்க வரும் என்று கேட்டார். இத்தனை வருசத்தில் என்னை யாரும் அவ்வளவு நம்பியதில்லை கண்ணு, உன் அப்பா உள்பட. நான், பவன் வரமாட்டானுங்க, நாந்தானுங்க பவன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாளும் பையனாட்டவே கிண்டலுங்க என்றார் பாரூக். உண்மையைச் சொன்னாலும் ஜோக்காகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், நான் சம்பாதித்து வைத்த பேர் அப்படி. வேறு வழியில்லாமல் இடுப்பில் இருந்த போனை எடுத்து அவர்கள் முன்னாலேயே நின்று தட்டினேன். ‘பவன் என்பது நான். பெயர் கிருபா. வயது 49. காரமடையின் இரண்டு வருச அளவு எல்லாம் தப்பு.’ ஒரே நேரத்தில் ஹாலில் பதினான்கு போனும் கிணிங் என்றது. ஒவ்வொருத்தராகக் குனிந்து படித்தார்கள், ஒவ்வொருத்தராக நிமிர்ந்தார்கள். அந்த நிமிர்ந்த முகங்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மாடிக்குக் கூட்டிப்போனேன். மானியைப் பழைய இடத்தில் கம்பிக்குக் கீழே வைத்தேன், ஒரு சொம்புத் தண்ணீரை டிஷ்ஷின் தலையில் ஊற்றினேன். தாரை பிசகாமல் உள்ளே விழுந்தது. சாஜிதா அக்காதான் முதலில் வாய் திறந்தார், மூணு மானிங்க, மூணு மானி, தூக்கிக் குப்பையில போட்டேன் என்று என்னைப் பார்க்காமல் டிஷ்ஷைப் பார்த்துச் சொன்னார். ஒல்லியானவர், அப்ப நாங்க போட்டுவெச்ச வரைபடமெல்லாம் என்னாகறது என்றார், அவர் இரண்டு வருச அளவையும் ஊர்வாரியாகக் கலர் அடித்து வைத்திருக்கிறாராம், காரமடைக்கு மட்டும் கருநீலம். இது எப்பத் தெரியும் உங்களுக்கு என்று பாரூக் கேட்டார். பத்து நாளாகத் தெரியும் என்று சொன்னேன், நேற்றுத்தான் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு. மாசாணம் மட்டும் குனிந்து, மானிக்குள் நின்ற தண்ணீரை அளவுகோலில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பழக்கம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரிசாக ஒன்றும் வரவில்லை, தப்புப் பண்ணிப்போட்டேனுங்க என்றுதான் வந்தது. அவர் நிமிர்ந்து, அப்ப அந்த ஆபீஸர் சொன்னது சரிதானுங்களே என்றார். அது எனக்கு வலித்ததைவிட அவருக்கு வலித்திருக்கும்.

சாப்பிடாமல் போய்விடுவார்கள் என்று பயந்தேன், கோழியின் புண்ணியத்தில் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு முட்டை வைத்தபோது மாசாணம் இலையைப் பார்த்து, இது நம்ம பரிசுங்களா என்று கேட்டார், அப்போதுதான் சாஜிதா அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு அழுகை. சாப்பிட்டதும் அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். காரமடை அளவு இன்ன காரணத்தால் தப்பு, இரண்டு வருசத்தையும் அடித்துவிட வேண்டும், கிண்டல் எழுதியதும் நானே, மற்றவர்கள் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதி, டிஷ்ஷின் படம் வரைந்து, கையெழுத்தும் வீட்டு முகவரியும் வேலை பார்க்கிற இடமும் போட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுங்களே என்று பாரூக் கேட்டார். வந்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மற்ற பதினான்கு பேரும் ஊர் போய்ச் சேர்ந்ததும் தங்கள் மானி இருக்கும் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பி அதனோடு சேர்ப்பதாகச் சொன்னார்கள், அப்படியே சேர்த்தார்கள். குடையை யாருக்குக் கொடுப்பது என்று வந்தபோது, ஒருநாள் விடாமல் அளந்தவருக்கு என்று பாரூக் மாசாணத்திடம் நீட்டினார். எங்கூர்ல இது வெயிலுக்குத்தானுங்க ஆகும் என்று வாங்கிக்கொண்டார்.

அந்தக் காகிதங்களோடு மாசாணம் மறுபடி போனார். ஒரு மாசம் ஒரு தகவலும் இல்லை. அந்த ஒரு மாசமும்தான் நீ பார்த்த ஃபேஷியல். போன வெள்ளிக்கிழமை அவரே போன் பண்ணினார். ஆபீஸர் நேரில் வந்து அவர் வீட்டு மானியைப் பார்த்தாராம், நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாராம். அப்புறம் என் தாளை எடுத்து, இருபது வருசத்துல எவனும் ‘என்ற கணக்கு தப்பு’ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்ல, இப்படி ஒரு ஆளை வெச்சிருக்கற குரூப்புல மத்தவங்க எழுதினதை நம்பலாம் என்றாராம். ஆகஸ்ட் வரைக்கும் வியாழக்கிழமை தோறும் அந்தக் கடைசி ஊருக்கு இன்னொரு நடை. நல்லதுங்கண்ணா என்று மட்டும் சொன்னேன். அண்ணன் என்று கூப்பிடாதீங்க, நான் உங்களுக்குச் சின்னவனுங்க என்றார். பிறகு, வியாழக்கிழமைதானுங்க எனக்கு லீவு இருந்தது, அதுவும் உங்களால போச்சு என்றார். அந்த மனுசன் என்னைக் கிண்டல் பண்ணியது அதுதான் முதல்தடவை. போனை வைத்தபிறகும் அடுப்படியில் நின்று வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன், உன் அப்பா வந்து உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

குரூப்பிலிருந்து என்னை நீக்கவில்லை, ஒரு வருசம் மானியோடு நின்று போட்டோ போட வேண்டும் என்று தண்டனை மட்டும். சாஜிதா அக்கா இன்னும் முழுசாகப் பேசவில்லை, அடுத்த வாரம் ஒரு ஜாக்கெட் துணியோடு போய் நிற்கலாம் என்று இருக்கிறேன். நீயும் அங்கே புதுசாக யாரோடாவது பழகினால் முதல் நாளே உள்ளதைச் சொல்லிவிடு கண்ணு, தள்ளிப்போட்டால் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே பொய் சொல்ல வேண்டி வரும், அது ரொம்பச் சிரமம். தலைக்கு எண்ணெய் வை, நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, முதுகு வலி என்றாயே, தலையணையை மாற்று. ஆண்டவர் உன் கைக்குப் பலமும் உன் தூக்கத்துக்கு நிம்மதியும் தந்து, உன்னைத் தம் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதனோடு சேர்த்து. பொடி வந்த எவர்சில்வர் டப்பா மூன்றும் பெரியம்மா வீட்டு டப்பா, மூடியில் பேர் வெட்டியிருக்கிறது, அக்ஷிதா அடுத்தமுறை வரும்போது மறக்காமல் கொடுத்துவிடு.

என்றும் உன் அம்மா,
கிருபா